பதினைந்து நிமிடத்தில் ஸ்டேஷன்

முதலில் வம்புக்கு இழுத்தவன் என் மச்சினன். இதை யார் முன்னாலும் சொல்வேன். அவன் கணக்கு வாத்தியார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன். வேகம், தூரம், நேரம் மூன்றையும் நான் புத்தகத்தில் படிக்கவில்லை, முதுகெலும்பால் படித்தேன்.

லீவுக்கு வந்திருந்தான். ஸ்டேஷனுக்கு நடந்தே போனால் பஸ்ஸை முந்திவிடலாம் என்று சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னேன். என் மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"பஸ் மணிக்கு முப்பது கிலோமீட்டர் போகும் மாமா. நீங்க ஆறு. உங்களுக்குக் கணக்கு வராது, விடுங்க."

மருமகள் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். புரையேறியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பஸ் அஞ்சு கிலோமீட்டர் சுத்திப் போகும்டா. சந்து வழியா எனக்கு ஒன்றரைதான். பஸ் வரணும், நீ ஏறணும், அது ஆறு இடத்துல நிக்கணும். அந்த நேரத்தையெல்லாம் எங்க எழுதுவ?"

"கணக்குல அதெல்லாம் வராது மாமா."

"ரோட்டுல வரும்."

தீர்ப்புச் சொன்னவள் என் மனைவி. "பேசி என்ன ஆகப்போகுது? நாளைக்கு ஊருக்குத்தானே போற. நான் உன்கூட பஸ்ல வரேன். அவர் நடந்து வரட்டும். தோத்தவங்க ஸ்டேஷன்லயே மன்னிப்புக் கேக்கணும்."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மூவரும் ஒரே நேரத்தில் வாசலை விட்டுக் கிளம்பினோம். நான் டாப் கியரில் போனேன். சந்துகள், பாலத்துப் படிக்கட்டு, ஒரு குரைக்கும் நாய். சரியாகப் பதினைந்து நிமிடம். அவர்கள் வந்து இறங்க இருபத்துமூன்று. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமா, வந்து..." என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"இருடா," என்றாள் மனைவி. "ஏங்க, ஒன்றரை கிலோமீட்டர் பதினஞ்சு நிமிஷம்னா, அரை கிலோமீட்டர்?"

"அஞ்சு நிமிஷம்." எனக்கு அவ்வளவு பெருமை.

"பால் கடை அரை கிலோமீட்டர். போக வரப் பத்து நிமிஷம். நீங்க தினமும் ஒரு மணி நேரம் கழிச்சு வரீங்க. கேட்டா மூட்டுவலி, வேகமா நடக்க முடியலைங்கறீங்க."

மீதி ஐம்பது நிமிடம் சலூன் பெஞ்சில் ஊர்க்கதை. வேலையை விட்டு வந்தவனுக்கு அதைத் தவிர வேறு சொத்து கிடையாது.

"கணக்கு தப்பா, மூட்டுவலி பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

கணக்கு தப்பு என்றால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவனிடமா? உயிர் போனாலும் மாட்டேன்.

"கணக்கு சரி," என்றேன், பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. அவன் ஏறி, ஜன்னல் வழியே கையை ஆட்டினான். கையாட்டுவது மன்னிப்பில் சேராது. எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன், தினமும் பத்தே நிமிடத்தில் பாலோடு வீட்டுக்குத் திரும்பி வந்து.