மஞ்சள் துணியில் முடிந்த சாவி

எங்கள் மோட்டார் சைக்கிள் திருட்டுப் போன கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர்தான். எண்பத்தேழாம் வருஷம், மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மஞ்சக்குட்டை போகிற வழியில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒதுங்கப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் மரம் இருக்கிறது, வண்டி இல்லையாம்.

நான் அழுதேன். அந்த வண்டி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, என் மடியில் ஒரு பிள்ளை என்று ஏற்றிக்கொண்டு சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போன வண்டி. மேடு வந்தால் அதற்கு மூச்சு வாங்கும். நானும் பிள்ளைகளும் இறங்கித் தள்ளுவோம். அவர் மட்டும் இறங்க மாட்டார். ஹேண்டிலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே.

அன்றைக்கு அவர் சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார் என்று நினைத்தேன். இரண்டு உருண்டை களி சாப்பிட்டுவிட்டுக் குழம்பு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். துக்கம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணி வந்தது. போன திருவிழாவில் சாமி காலடியில் வைத்து வாங்கி, நானே வண்டி ஹேண்டிலில் கட்டிய துணி. ஓரத்தில் ஊதுபத்தி சுட்ட ஓட்டைகூட அப்படியே இருந்தது.

துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டியைத் திருடுகிறவன் சாமி துணியை அவிழ்த்து, நாலாக மடித்து, உடையவர் பையில் வைத்துவிட்டா போவான்? பொய் சொல்லத் துணிந்த மனுஷனுக்கு, அந்தப் பொய்க்குச் சாமியைச் சாட்சியாக விட்டுவர மனசு வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அதற்குள்ளே கொஞ்சம் பெருமை. இந்த அளவுக்காவது பயம் இருக்கிறதே.

காரணம் தேடி நான் எங்கும் போகவேண்டியதில்லை. அந்தத் தை மாதம்தான் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் கருப்பண்ணன் சிவப்பில் ஒரு புது வண்டி எடுத்திருந்தார். எந்த மேட்டிலும் யாரும் இறங்க வேண்டாம். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. இவரும் எஸ்டேட் ரைட்டர்தான். காபிப் பறிப்பு முடிந்து, கொட்டை போட்டு வைக்கும் காபி ஸ்டோரைப் பூட்டியாகிவிட்டது. அடுத்த பறிப்பு வரை யாரும் திறக்க மாட்டார்கள். அதன் சாவி இவர் இடுப்பில். பழைய வண்டி சாக்குப் போர்த்திக்கொண்டு அங்கே தூங்கும், இன்சூரன்ஸில் புது வண்டி வரும். இதுதான் திட்டம்.

இது வீட்டுக்குள் கூத்தாக இருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் ஊர் வாய் சூசைமாணிக்கத்தின் மேல் திரும்பியது. வண்டி ரிப்பேர் பார்க்கிற மனுஷன். முந்தின நாள் எங்கள் வண்டியைத் தொட்டவர் அவர்தான், கள்ளச்சாவி போட அவருக்குத்தான் தெரியும் என்றார்கள். பத்து நாளில் அவர் ஷெட்டுக்கு ஒரு சைக்கிள்கூட பஞ்சர் ஒட்ட வரவில்லை. அவர் சம்சாரம் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் மாதாவிடம் அழுதாள், நான் சேர்வராயனிடம் அழுதேன். இரண்டு பேர் கண்ணீருக்கும் காரணம் காபி ஸ்டோரில் நின்றது.

எங்கள் வீட்டுக்காரரையே நேராகக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வார். பொய்யோடு பொய்ச்சத்தியமும் சேரும். அந்தப் பாவம் அவருக்கு வேண்டாம். குளித்துவிட்டு வந்து, வண்டியின் இன்னொரு சாவியை எடுத்து, ஒரு நாலணாவோடு சேர்த்து அதே மஞ்சள் துணியில் முடிந்து, வேண்டிக்கொண்டு சாமி படத்தின் முன்னால் வைத்தேன்.

இன்சூரன்ஸ்காரர் கோவிந்தராஜ் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பாவம், வளைவு வளைவாக வந்ததில் முகம் வெளுத்திருந்தது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஃபாரத்தை விரித்தார். எங்கள் வீட்டுக்காரர் மீசையை நீவிக்கொண்டு, வண்டி எப்பேர்ப்பட்ட வண்டி என்று சொல்ல ஆரம்பித்தார். அது யானையைக்கூட ஏற்றிக்கொண்டு மலை ஏறுமாம். வண்டியைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கையோடு நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் சரிங்க. ரெண்டு சாவியும் குடுத்தாத்தான் ஃபாரம் நகரும். ஒண்ணு கொறஞ்சாலும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார் கோவிந்தராஜ்.

"ஏ புள்ள, அந்த இன்னொரு சாவியக் கொண்டா."

"அது சாமிகிட்ட இருக்குதுங்க."

"சாமிக்கு எதுக்குடி சாவி?"

"வண்டி ஊடு வந்து சேரோணும்னு வேண்டிக்கிட்டு முடிஞ்சு வெச்சிருக்கறனுங்க. வந்தாத்தான் அவுக்கோணும்."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து சாமி படத்துக்கு முன்னால் போனார். முடிச்சைத் தொடக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"இந்தத் துணி..." என்றார்.

"எந்தத் துணிங்க?" என்றேன்.

அவர் கையை இழுத்து மீசையை நீவிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? துணி எனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால், வண்டி எங்கே இருக்கிறது என்று அவரே சொன்ன மாதிரி ஆகும்.

கோவிந்தராஜ் மெதுவாகக் கேட்டார். "நடுவுல அவுத்தா என்னங்கம்மா ஆகும்?"

"தெரியலைங்க. எங்க ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் அவுத்ததில்லீங்க."

அவர் முடிச்சையும் பார்த்தார், எங்கள் வீட்டுக்காரரையும் பார்த்தார். ஃபாரத்தை மடித்து, மூன்று நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

மூன்று நாள் தேவைப்படவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கே எங்கள் வீட்டுக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். காட்டுப் புதருக்குள் கிடந்ததாம். சேர்வராயன் கனவில் வந்து இடம் காட்டினாராம். புதரில் கிடந்த வண்டியின் சக்கரக் கம்பியில் காய்ந்த காபித் தொலி ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் கூடுவதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வண்டியை நேராகச் சூசைமாணிக்கத்தின் ஷெட்டுக்குக் கொண்டுபோய், ஊர் பார்க்க அவர் கையால் ஸ்டார்ட் செய்யவேண்டும், அப்போதுதான் முடிச்சு அவிழும் என்றேன். மறுபேச்சில்லாமல் தள்ளிக்கொண்டு போனார். அங்கே எங்கள் வீட்டுக்காரர் செய்ததைத்தான் நான் இன்றைக்கும் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. டீக்கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, சூசைமாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு இவரு மேல இல்லீங்க, முழுசும் எம் மேலதான்" என்றார். ஊர்க்காரர்கள் அதை ஒரு மாதிரி எடுத்துக்கொண்டார்கள், நான் ஒரு மாதிரி எடுத்துக்கொண்டேன். சூசைமாணிக்கம் உதைத்ததும் வண்டி கிளம்பியது. அன்று சாயங்காலமே ஷெட்டில் மூன்று சைக்கிள் பஞ்சருக்கு நின்றது. புகார் கொடுத்த போலீஸ் ஸ்டேஷனிலும் இன்சூரன்ஸிலும் வண்டி கிடைத்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாவியை எடுத்துக்கொண்டு, துணியைப் பழையபடி ஹேண்டிலில் கட்டினேன். அவர் அந்த ஊதுபத்தி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஏதாச்சும் வேண்டுதல் பாக்கி இருக்குதா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. வண்டி வந்தா உங்களுக்குக் கோயில்ல மொட்டை."

"முடிதானே, மொளச்சுக்கும்" என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"மீசையும் சேத்துத்தானுங்க."

அந்த வண்டி அதற்கப்புறம் ஒன்பது வருஷம் ஓடியது. என் பெரியவள் நர்ஸ் படிப்புக்குக் கிளம்பியபோது பெட்டியோடு அவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது அதுதான். ஒரு மேட்டில் நானும் அவளும் இறங்கித் தள்ளினோம்.

நீ எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் அவரைப் பார்ப்பாய். வண்டி எப்படிக் கிடைத்தது என்று கேட்காமலே சொல்வார். சேர்வராயன் கனவில் வந்து காட்டினார் என்பார். சிரித்துவிடாதே கண்ணு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டு.