மல்லாட்டைக் கொல்லையில் மிஷன் சரித்திரம்

கிறிஸ்தவ மிஷன் இரண்டாயிரம் வருடங்களில் எப்படியெல்லாம் வளர்ந்து, முதிர்ந்து, ஞானம் பெற்றது என்று அறிய விரும்புகிறவர்கள் ஜெருசலேமுக்கும் ரோமாபுரிக்கும் அலைய வேண்டியதில்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை வரை நடந்தால் போதும். அங்கே மண்ணாங்கட்டி என்பவருக்கு முக்கால் ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை இருக்கிறது. நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். உலகத் திருச்சபையின் மாபெரும் சிந்தனைகள் எல்லாம் 1970 முதல் 1984 வரை அந்தக் கொல்லையின் வரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவற்றைச் சைக்கிளில் சுமந்து வந்தவர் உபதேசியார் சக்கரவர்த்தி.

பெயர்தான் சக்கரவர்த்தி. ராஜ்ஜியம் பதினோரு கிராமம், சேனை ஒரு சைக்கிள். நற்சாட்சி மிஷன் அவருக்கு வேதபாடம் சொல்லித்தரவும், ஜெபிக்கவும், சபைப் பதிவேடு எழுதவும், மாதாமாதம் படிவம் நிரப்பவும் அதிகாரம் தந்திருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கவோ திருவிருந்து பரிமாறவோ அவருக்கு உரிமை கிடையாது. அவை குருப்பட்டம் பெற்ற செயலாளர் ரெவரெண்ட் கண்ணாயிரம் அவர்களின் கைக்கு உரியவை. செயலாளர் எதைச் சொன்னாலும் "ஆகட்டுங்க ஐயா" என்று பதில் சொல்வதில் சக்கரவர்த்தி இருபது வருட அனுபவம் உள்ளவர்.

விஷயம் மண்ணாங்கட்டியின் மனைவி ராணியம்மாளைப் பற்றியது. அவள் மிஷன் ஹாஸ்டல் சமையற்காரரின் மகள், பிறவிக் கிறிஸ்தவள். ஹாஸ்டலுக்கு மல்லாட்டை மூட்டை போட வந்த மண்ணாங்கட்டியை 1969-இல் கல்யாணம் செய்துகொண்டாள். இந்துவை மணந்த குற்றத்துக்காகச் சபை அவளைத் திருவிருந்திலிருந்து நீக்கியது. "கணவர் ஞானஸ்நானம் பெறும் வரை" என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதியது சக்கரவர்த்தியின் கைதான். முத்து முத்தான கையெழுத்து என்று செயலாளர் பாராட்டினார்.

அது முதல், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பத்தையும் திராட்சரசத்தையும் மேசையில் எடுத்து வைக்கும்போது, கடைசி பெஞ்சிலிருந்து ராணியம்மாள் எழுந்து வெளியே போவாள். புங்க மரத்தடியில் நிற்பாள். எல்லோரும் வாங்கி முடித்ததும் உள்ளே வந்து கடைசிப் பாட்டைச் சேர்ந்து பாடுவாள். அந்தப் பத்து நிமிடம் சக்கரவர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மண்ணாங்கட்டி சைக்கிளை மறித்தார்.

"உபதேசியாரே, எனக்கு எந்தச் சாமியோடயும் சண்ட கெடையாதுங்க. அண்ணாமலையாரும் நல்லவருதான், உங்க சாமியும் நல்லவருதான். ஆனா அவ வெளிய போயி நிக்கறத என்னால பாக்க முடியலைங்க. என் தலையில தண்ணி ஊத்தினா அவள உள்ள விடுவீங்கன்னா, ஊத்திடுங்க. ஒரு கொடம் இல்ல, ஏரியில எறங்கச் சொன்னாலும் எறங்கறேன்."

சக்கரவர்த்திக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அப்போது மிஷன் என்றால் 'ஆத்தும அறுவடை' என்று பொருள். வருடத்துக்குப் பன்னிரண்டு ஆத்துமா காட்ட வேண்டும். அவர் கணக்கில் இரண்டுதான் இருந்தன. ஆறு மாதம் வரப்பில் உட்கார்ந்து பத்துக் கட்டளைகளையும் பாடம் சொல்லித்தந்தார். செயலாளர் பரீட்சை வைக்க ஜீப்பில் வந்து இறங்கினார்.

ஒன்பது கட்டளை வரை மண்ணாங்கட்டி மடமடவென்று ஒப்பித்தார். பத்தாவதில் நின்றுவிட்டார். அடுத்தவன் வீட்டுக்கும் மாட்டுக்கும் ஆசைப்படக் கூடாது என்பது அந்தக் கட்டளை.

"பத்தாவது இன்னாப்பா?" என்றார் செயலாளர். அந்தக் காலத்தில் அவர் மண்ணாங்கட்டியை 'நீ' என்றுதான் அழைப்பார்.

"மாட்டப் பத்தி ஏதோ வரும்ங்க. பக்கத்துக் கொல்ல ஆதிமூலத்து மாட்டுக்கு ஆசப்படக் கூடாதுன்னு. ஆசப்படற மாதிரி மாடு அவன்கிட்ட ஏதுங்க? ரெண்டும் கெழடு. அதான் மனசுல நிக்கல."

ஆத்துமாவின் விஷயத்தில் அலட்சியம் கூடாதல்லவா? செயலாளர் ஃபெயில் போட்டார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அந்த ஆறு மாதத்துக்குள் செயலாளர் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்ததும் சுற்றறிக்கை வந்தது. 'ஆதியில் அப்போஸ்தலர் கால்நடையாகப் போனார்கள். பின்பு துறவிகள் மடம் கட்டினார்கள். பின்பு அரசர்கள் வாளை அனுப்பினார்கள். பின்பு வணிகர்கள் கப்பல் அனுப்ப, அதில் மிஷனரிகளும் ஏறிக்கொண்டார்கள். ஆள் சேர்ப்பதே மிஷன் என்று இவர்கள் எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டார்கள். மிஷன் என்பது சேவை. இனி நாம் ஆத்துமாவை எண்ண மாட்டோம், பயனாளிகளை எண்ணுவோம்.' இரண்டாயிரம் வருடத் தவறை அரைப் பக்கத்தில் திருத்துவது எல்லோராலும் முடிகிற காரியமா! சக்கரவர்த்தி வியந்து, "ஆகட்டுங்க ஐயா" என்று பதில் எழுதினார்.

பால் பவுடரும் கோதுமைக் குருணையும் வந்து இறங்கின. அறுபது பயனாளிகள் வேண்டும். சக்கரவர்த்திக்கு ஐம்பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். மண்ணாங்கட்டியிடம் போய் நின்றார்.

"எனக்கு எதுக்குங்க மாவு? மல்லாட்ட நல்லா வெளஞ்சிருக்குது. தண்ணி எப்ப ஊத்துவீங்க, அதச் சொல்லுங்க."

"ஊத்தலாம்பா. இப்ப ஒரு ஆளு கம்மியா இருக்குது. என் வேலைக்கே ஆபத்து. ஒரே ஒரு கையெழுத்துப் போடு."

உபதேசியாருக்காக மண்ணாங்கட்டி கையெழுத்துப் போட்டார். மறு மாதமே ஒரு திருத்தம் வந்தது. 'மாவுக்காக மதம் மாற்றுகிறார்கள்' என்று ஊரார் பழி சொல்லாதிருக்கும்பொருட்டு, பயனாளிகள் எவருக்கும் மூன்று வருடம் ஞானஸ்நானம் கிடையாது. சக்கரவர்த்தி அன்று சோறு சாப்பிடவில்லை. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் வாங்கிய கையெழுத்து, ராணியம்மாளை மூன்று வருடம் புங்க மரத்தடியிலேயே நிறுத்திவிட்டது.

மூன்று வருடம் முடிந்தபோது மிஷன் 'வளர்ச்சி' ஆகியிருந்தது. சேவை செய்வது மக்களைப் பிச்சைக்காரர்களாக்கும் தவறான புரிதல் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மண்ணாங்கட்டிக்குப் பத்து வெள்ளை லெகார்ன் கோழிகள் வழங்கப்பட்டன. ஞானஸ்நானம் பற்றிக் கேட்டதற்கு, திட்ட அறிக்கையில் அந்த இனம் இல்லை என்று பதில் வந்தது. கோழிகள் திருவண்ணாமலை வெயிலைப் பார்த்துவிட்டு ஒரே சித்திரையில் பரலோகம் சேர்ந்தன. படிவத்தில் அதற்கும் இனம் இல்லை.

1979-இல் மிஷன் 'விடுதலை' ஆயிற்று. வளர்ச்சி என்பது முதலாளித்துவத்தின் தவறான புரிதல். தோளில் ஜோல்னாப் பையோடு இரண்டு இளைஞர்கள் விழிப்புணர்வு ஊட்ட வந்தார்கள். ஞானஸ்நானம் என்ற பேச்சை எடுத்ததுமே, அது நிஜப் போராட்டத்திலிருந்து தப்பி ஓடும் வழி என்று அடக்கினார்கள். ஊராரை வட்டமாக உட்காரவைத்து, "உங்களை ஒடுக்கறது யாருன்னு யோசிச்சிச் சொல்லுங்க தோழரே" என்று மண்ணாங்கட்டியைக் கேட்டார்கள்.

மண்ணாங்கட்டி நிஜமாகவே யோசித்தார்.

"உங்க சபைதாங்க. என் பொண்டாட்டிய பத்து வருஷமா வெளியவே நிக்க வெச்சிருக்குது."

இளைஞர் குறிப்பேட்டில் 'நிலப்பிரபுத்துவம்' என்று எழுதிக்கொண்டார்.

இந்த மாற்றங்களின் நடுவே மாறாதது ஒன்று இருந்தது. அதுதான் சபைப் பதிவேடு. மிஷன் என்றால் என்ன என்று சிந்திப்பது ஒரு பிரிவு. பதிவேடு வேறு பிரிவு. "ராணியம்மா விஷயம் மட்டும், ஐயா..." என்று சக்கரவர்த்தி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "அது ஒழுங்கு சம்பந்தப்பட்டது. கலக்காதீங்க" என்றார் செயலாளர். "ஆகட்டுங்க ஐயா" என்றார் சக்கரவர்த்தி. மண்ணாங்கட்டி மட்டும் மனம் தளராமல், களை பிடுங்கும்போது பத்துக் கட்டளையையும், மாட்டை ஓட்டும்போது விசுவாசப் பிரமாணத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்றைக்கு வேண்டுமானாலும் மறுபரீட்சைக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

1984-இல் கூப்பிட்டார்கள்.

மிஷன் இப்போது 'உரையாடல்' ஆகியிருந்தது. நாம் போய் யாருக்கும் எதையும் சொல்லக் கூடாது. பிற மதத்தவரிடம் பணிவோடு கேட்க வேண்டும். கேட்பதற்கு வசதியாக, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்து விடுதி ஒன்றின் மாடியில் மூன்று நாள் மாநாடு. செயலாளர் காவி ஜிப்பா போட்டிருந்தார். நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து, முட்டி வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் இருந்தது, உரையாடுவதற்கு ஓர் இந்து மட்டும்தான் இல்லை. 'எளிய, கலப்பற்ற இந்து ஒருவரை அழைத்து வரவும்' என்று சக்கரவர்த்திக்கு உத்தரவு.

"பெரியவங்கள்லாம் வந்திருக்காங்க. கேப்பாங்க, நீ பதில் சொல்லணும்" என்றுதான் அவர் மண்ணாங்கட்டியிடம் சொன்னார். அதற்கு மேல் விளக்க அவருக்கே விளங்கவில்லை. மண்ணாங்கட்டிக்குப் புரிந்துவிட்டது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மாநாட்டுச் சமையலுக்கு ஆள் போதவில்லை என்று ராணியம்மாளும் உடன் வந்து கீழே அடுப்படியில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினாள்.

"வாங்க ஐயா, உட்காருங்க" என்றார் செயலாளர். மிஷனின் புரிதல் வளர வளர மண்ணாங்கட்டிக்கு மரியாதையும் வளர்ந்திருந்தது. "உங்க முன்னோர் தந்த ஞானத்தை எங்களோட பகிர்ந்துக்கணும். எங்களுக்கு நீங்கதான் குரு."

மண்ணாங்கட்டி எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார். பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பத்தாவதில் வீடு, மாடு, கழுதை எதையும் விடவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபம், விசுவாசப் பிரமாணம், கூடவே இரண்டு ஞானப்பாட்டு.

செயலாளர் கண்ணை மூடியபடி மொழிபெயர்த்துக்கொண்டே போனார். பேராசிரியரின் கண்களில் நீர் கோத்தது. இவ்வளவு அதிசயமான ஒற்றுமையை அவர் எந்த நூலகத்திலும் கண்டதில்லையாம். இது எத்தனை காலத்து மரபு என்று கேட்டார்.

"ஒரு பதினாலு வருஷம் ஆவுதுங்க" என்றார் மண்ணாங்கட்டி.

"பதினான்கு நூற்றாண்டு" என்று மொழிபெயர்த்தார் செயலாளர்.

"பாஸுங்களா? தண்ணி எப்ப ஊத்துவீங்க?"

செயலாளர் பதறிப்போனார். "ஐயையோ, கூடவே கூடாது! நீங்க இந்துவாவே இருக்கணும். அதுதான் நீங்க எங்களுக்குக் குடுக்கற வரம்."

மண்ணாங்கட்டி சக்கரவர்த்தியைப் பார்த்தார். சக்கரவர்த்தி பாயைப் பார்த்தார்.

முடிவாக ஒரு 'ஒப்புரவுத் திருவிருந்து' நடந்தது. மேசையை எல்லா மதத்தாருக்கும் திறந்துவிட்டதாகச் செயலாளர் அறிவித்தார். முதல் அப்பத்தைத் தம் கையாலேயே பிட்டு மண்ணாங்கட்டிக்குத் தந்தார். மண்ணாங்கட்டி அதை வாயில் போடவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார். சக்கரவர்த்தி பின்னாலேயே ஓடினார்; அவர் பின்னால் செயலாளர்; அவர் பின்னால் முட்டியைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர்.

அடுப்படியில் மண்ணாங்கட்டி அப்பத்தை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை நீட்டினார்.

"இந்தா ராணி. பாதிரி ஐயரு கையால குடுத்தது."

ராணியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினாள். வாயில் வைத்தாள். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாகச் சக்கரவர்த்தி வேறு பக்கம் திரும்பாமல் அவளைப் பார்த்தார்.

"இன்னா காரியம் பண்ணிட்டீங்க ஐயா!" என்றார் செயலாளர். "அதை அவங்களுக்குக் குடுக்கக் கூடாது."

"ஏங்க?"

"அவங்க புருஷன் இந்து."

"அப்ப எனக்கு ஏங்க குடுத்தீங்க?"

"நீங்க இந்து ஆச்சே!"

மண்ணாங்கட்டி கைகளைக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "நான் இந்துன்றதால எனக்கு உண்டு. நான் இந்துன்றதால அவளுக்கு இல்ல... இது பதினோராவது கட்டளைங்களா? இதையும் மனப்பாடம் பண்ணணுங்களா?"

அதற்குள் பேராசிரியர் காமிராவை எடுத்துவிட்டார். இப்படி ஒரு காட்சிக்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்று ராணியம்மாளையும் கத்தரிக்காயையும் சேர்த்துப் படம் பிடித்தார். செயலாளரின் முகம் நொடியில் மலர்ந்தது. பெரிய மனதுக்காரர்கள் எதையும் உடனே புரிந்துகொள்வார்கள்.

"அற்புதம்! உரையாடலையும் தாண்டிட்டோம். 'பகிர்தல்'! மிஷனுக்கு இதுதான் புது அர்த்தம். உபதேசியாரே, சுற்றறிக்கைக்கு எழுதிக்குங்க."

"ராணியம்மா பேரைப் பதிவேட்டுல திரும்பச் சேத்துடலாங்களா ஐயா?"

"அது வேற பிரிவு. நீங்க முதல்ல இத எழுதுங்க. மிஷன் என்றால்..."

சக்கரவர்த்திக்கு ரிட்டையராக மூன்று வருடம் இருந்தது. பேனா மூடியைத் திருகி, பையில் செருகிக்கொண்டார்.

"எழுத ஒண்ணும் இல்லைங்க ஐயா. பதினாலு வருஷத்துல மிஷன்னா இன்னான்னு நாம அஞ்சு தடவ மாத்தி மாத்திச் சொன்னோம். நடந்தது இன்னைக்கு ஒரே ஒரு தடவதான். அதச் செஞ்சவன, நாம இன்னும் பாஸ் பண்ணலைங்க."