கூழ் அண்ணையின் ஒரே பானை

இத்தாலியின் பலேர்மோவில் எங்கள் இலங்கைத் தமிழ் ஊர்ச் சங்கங்கள் நான்கையும் ஒரே அறையில் சண்டையில்லாமல் உட்கார வைத்த ஒரே மனிதர் கூழ் அண்ணைதான். எந்தச் சமாதானத் தூதுவராலும் முடியாத காரியம் அது.

மொண்டெல்லோ கடற்கரை உணவகம் ஒன்றில் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. அங்கே கழித்துவிட்ட பாஸ்தாப் பானையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆள் உள்ளே குந்தியிருக்கலாம், அவ்வளவு பெரிது. பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தாராம். அதில்தான் எங்களுக்கெல்லாம் மீனும் நண்டும் போட்ட கூழ் காய்ச்சுவார். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால், "அதை வைச்சு என்ன செய்யப்போறியள்? கூழ் ஆறுது, குடியுங்கோ" என்பார்.

அப்போது இலங்கையின் வடக்கில், களப்பு என்னும் கடலேரியின் ஓரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து உதவி கேட்டிருந்தார்கள். வருடக்கணக்காக முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய சனம். பிள்ளைகளுக்குச் சொந்தக் களப்பே தெரியாது. அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான பெரியவர்களே விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வலை வீசவும் தேன் எடுக்கவும் மூலிகை பார்க்கவும் பழக்க விரும்பினார்கள். படகும் வலையும் சாப்பாடும் வேண்டும். எங்கள் சங்கங்களோ, படகில் யார் பெயர் முதலில் வருவது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

கூழ் அண்ணை நான்கு தலைவர்களையும் அழைத்தார். பல்லரோ சந்தையில் ஆளுக்கொன்று வாங்கி வரச் சொன்னார். இரண்டு பேர் நண்டு, ஒருவர் கணவாய், ஒருவர் மரவள்ளி. எல்லாம் பானைக்குள் போய்க் கொதித்தன. அகப்பையை மூத்த தலைவரிடம் நீட்டினார்.

"உங்கட நண்டை எடுத்துக் காட்டுங்கோ பாப்பம்."

தலைவர் துழாவினார். வேர்த்ததுதான் மிச்சம்.

"காசும் உப்பிடித்தான். போட்டால் போட்டதுதான். என்ன செய்யிறதெண்டு அங்கை இருக்கிற சனம் சொல்லட்டும். பேர்க்கல்லு ஒண்டும் வேண்டாம்."

இரண்டு வருடம் அப்படியே நடந்தது. அங்கிருந்து ஒரு வீடியோ வந்தது. ஒரு சிறுமி வீசிய வலை அவள் தலையிலேயே விழுகிறது. கூழ் அண்ணை அதை உணவகத்தின் சமையற்காரர் முதல் தெருவில் போன சிஞ்ஞோரா அம்மாமார் வரை காட்டித் திரிந்தார். "எங்கட பிள்ளை, எப்பிடி எறியுறாள் பாருங்கோ!"

அந்தச் சந்தோசத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குப் புத்தி கெட்டது. நான்கு சங்கமும் ஒற்றுமையாக, அவருக்குத் தெரியாமல், களப்புக் கரையில் அந்தப் பிள்ளைகளின் படகுகள் நிற்கும் கொட்டகையில் ஒரு கறுப்புக் கல்லைப் பதிக்கச் செய்தன. பொன்னெழுத்தில் 'கூழ் அண்ணை கொட்டகை.' அடுத்த கூழுக்கு வந்தபோது போனில் அந்தப் படத்தைக் காட்டினோம். அவர் அகப்பை நின்றது.

அவர் வாய் திறப்பதற்குள் ஒரு தலைவர், "அப்ப எங்கட சங்கத்தின்ர பேரையும் கீழ சின்னனாப் போடலாம்தானே?" என்றார்.

"ஏன் கீழ? நாங்கள்தானே கூடப் போட்டது!" என்றார் இன்னொருவர்.

அன்றுதான் அந்தக் கூழ் முதன்முதலாக அடிப்பிடித்தது.

அடுத்த வாரம் ஜெனோவாவில் வேலை கிடைத்ததாகச் சொல்லிப் பானையோடு கப்பலேறினார். துறைமுகத்தில் கேட்டேன்.

"கோவமோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. அன்பிலதானே செய்தனியள். அதுதான் ஒண்டும் சொல்லேலாமக் கிடக்கு."

அதன் பிறகு காசு நான்காகப் பிரிந்தது. ஒரு சங்கம் தன் பெயரில் ஊரில் வளைவு கட்டியது, ஒன்று மணிக்கூண்டு. களப்புக்குப் போக ஒன்றும் மிஞ்சவில்லை. படகுகள் கவிழ்ந்து கிடக்கின்றன, பிள்ளைகள் வீட்டில் போனும் கையுமாக இருக்கிறார்கள்.

போன மாதம் அந்தக் கிராமத்திலிருந்து ஒரு படம் வந்தது. கொட்டகைக் கல்லைக் கழற்றிக் குப்புறப் போட்டு, அதன் மேல் பெண்கள் மீன் வெட்டுகிறார்கள். எங்கள் தலைவர்கள் கொதித்துப் போனார்கள். நான் அதை ஜெனோவாவுக்கு அனுப்பினேன். இத்தனை காலமும் எதற்குமே பதில் போடாத மனிதரிடமிருந்து உடனே வந்தது பதில்.

"நல்ல வேலை. என்ன மீன்?"

"திரளி. திரும்பி வாங்கோ அண்ணை. கப்பல் காசு நாங்கள் எல்லாரும் சேந்து போடுறம். ஆர் எவ்வளவு போட்டதெண்டு சத்தியமாச் சொல்லமாட்டம்."

ஒருவரிடமும் கேட்காமல்தான் அப்படி எழுதினேன். அவருடைய கூழைக் குடித்த எந்த வாயும், காசு இல்லையென்று சொல்லாது.