இதயப் பால்கோவா குறித்து அத்தானுக்கு

இராஜபாளையம்,
12.8.1991

மரியாதைக்குரிய அத்தான் சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

மைத்துனன் காமராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. நீங்கள் எழுத விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி நேரிலேயே வந்திருப்பேன். வந்தால் பரிபூரணம் அக்கா என் வாயில் பால்கோவாவைத் திணித்துப் பேச்சை நிறுத்திவிடுவாள். ஆகவே கடிதம்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நெய் கூடாது, வெண்ணெய் கூடாது, பால்கோவா பக்கமே போகக் கூடாது, சமையலுக்குச் சூரியகாந்தி எண்ணெய்தான் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவர் நீங்கள். ஊருக்குப் போய் என்ன செய்தீர்கள்? அந்த எண்ணெயைப் பசுவுக்கு ஊற்றினீர்கள்! பசு நல்ல எண்ணெய் குடித்தால் பாலில் நல்ல கொழுப்பு வரும், அதைக் கிண்டினால் பால்கோவாவே மருந்து என்று நீங்களாகவே ஒரு விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்து, கடையில் 'இதயப் பால்கோவா' என்று போர்டும் மாட்டி, முதல் டப்பாவை அப்பா கையில் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

அத்தான், நான் வனஸ்பதி ஆலையில் கெமிஸ்ட். எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்குவது என் பிழைப்பு. அதற்கு எங்களுக்கு பாய்லர் வேண்டும், நிக்கல் வேண்டும், மூன்று ஷிப்டு ஆள் வேண்டும். உங்கள் பசு அதைப் படுத்துக்கொண்டே செய்துவிடும். அதன் முதல் வயிறு முழுக்க பாக்டீரியா. டாக்டர் நல்லது என்று சொன்ன எண்ணெயில் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அவற்றுக்கு விஷம் மாதிரி. உள்ளே வந்ததும் ஹைட்ரஜனைச் சேர்த்து, டாக்டர் எதை வேண்டாம் என்றாரோ அந்தக் கெட்டிக் கொழுப்பாகவே மாற்றிவிடும். தப்பித்துப் பாலுக்குப் போவது கொஞ்சம்தான். தொழுவத்தில் ஒரு வனஸ்பதி ஆலையைக் கட்டிப்போட்டு, அதற்குத் தண்ணீரும் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தப் பசுவாவது உங்களை நம்பியதா? எண்ணெய் மீறிப்போய் அதற்குக் கழிச்சல். வைக்கோலைத் திரும்பியும் பார்க்கவில்லையாம், பால் பாதியாகிவிட்டதாம், கடை ஓரமாக நின்று பால்கோவா கேட்ட வக்கீலின் வெள்ளை பேண்டில் அது தன் அபிப்பிராயத்தையும் தெரிவித்துவிட்டதாம். "மொதலாளி, மாட்டுக்குள்ள வடையா சுடப் போறிய, இம்புட்டு எண்ணெய ஊத்துதியளே?" என்று பால் கறக்கிற பேச்சிமுத்து கேட்டதாக அக்காவே சொன்னாள்.

இதையெல்லாம் சொல்லி அப்பாவிடமிருந்து டப்பாவைப் பிடுங்கப் போனேன். "ஏலே, மாப்பிள்ளை கொண்டாந்ததை வேண்டாம்னா அவிய மொகம் என்னத்துக்கு ஆவும்? நீ நான் பெத்த பய, ஒன்னைய ஏசிக்கிடலாம். அவியள ஏச முடியுமாலே?" என்று டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அடைப்பு இருக்கும் அதே நெஞ்சு. நான் படித்துவிட்டுச் சொன்னால் திமிர். நீங்கள் படிக்காமல் சொன்னால் மாப்பிள்ளை வாக்கு.

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வாருங்கள். போர்டை இறக்குங்கள். ஒரு மனுஷன் நம்புகிறார் என்பதற்காக அவரிடம் வாய்க்கு வந்ததை அளப்பது பாவம்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், பசுவுக்கு அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மரியாதை குறையாத, கோபமும் குறையாத
காமராஜ்

பி.கு.: ஒட்டும் முன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளே படுத்திருந்த அப்பா கேட்டுவிட்டார். "அப்பம் வயித்துக்குள்ள போறத அந்தக் கிருமிவ மாத்திப்போடும், அதானலே? எனக்கும் வயிறு இருக்குல்லா! மாடு மாத்துனத என் கிருமி திருப்பி மாத்திட்டுப் போவுது" என்று எழுந்து உட்கார்ந்து, இனி இரண்டு டப்பா வேண்டும் என்கிறார். மனுஷ வயிறு அப்படி வேலை செய்யாது என்று கத்திப் பார்த்தேன். என் தொண்டைதான் போயிற்று. அத்தான், அவர் கேட்பது உங்கள் ஒருவர் சொல்லைத்தான். வெள்ளிக்கிழமை கொள்ளுப் பயறை அவித்து உருட்டி டப்பாவில் கொண்டுவந்து, இதுதான் புது இதயப் பால்கோவா, பழையதைவிட வீரியம் என்று சொல்லுங்கள். காரணம் ஏதாவது நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், விஞ்ஞானம் தேவையில்லை. போர்டை மட்டும் இறக்கிவிடாதீர்கள்; அவர் பார்க்க வந்தாலும் வருவார்.