நீல மை காணாமல் போன ஏரி

காலை ஒன்பது மணிக்குப் படக்காரர் மை அலமாரியைத் திறந்தார். பச்சை இருந்தது. மஞ்சள் இருந்தது. நீலப் புட்டி இருந்த இடத்தில் அதன் அடிப்பாகம் விட்டுப்போன வட்டத் தடம் மட்டும் இருந்தது.

பதினோரு மணிக்குக் கூட்ட அறையில் பொது விசாரணை. ஊருக்கு மேற்கே உள்ள ஏரியிலிருந்து தினமும் நாற்பது லாரித் தண்ணீர் எடுக்க ஒரு பாட்டில் தண்ணீர் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அந்த இடத்தின் வரைபடத்துக்குக் கையால் நிறம் தீட்டிச் சுவரில் மாட்ட வேண்டியது, நில அளவை அலுவலகத்தில் இவர் ஒருவரின் வேலை. இருபது வருடமாக அதையே செய்ததில் சொந்தப் பெயர் தேய்ந்து 'படக்காரர்' என்பதே நிலைத்துவிட்டது.

இந்த வருடம் ஏற்கெனவே இரண்டு படம் தாமதம். "மூணாவதும் லேட்டாச்சுன்னா மலைமேல மழை அளக்குற நிலையத்துக்குப் பெட்டியக் கட்டிக்கங்க" என்று இயக்குநர் மேடம் நேற்றே சொல்லியிருந்தார். அங்கே பேச்சுத் துணைக்கு ஒரு மழைமானி உண்டு.

வீட்டில் சொன்னபோது மனைவி பதறவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. நானும் பொண்ணும் இங்கேயே இருக்கோம். மழை வந்தா போன் பண்ணுங்க."

"ஏம்மா, நீல மையப் பாத்தியா?" என்றார், தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்மணியிடம்.

"நான் தரையத் துடைக்கிறவ சார். மையத் துடைக்கிறதில்ல. போய் கடையில ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

"கடை மையா! உனக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? ஸ்டோர்ல நம்பர் போட்டுக் கொடுத்த மைதான் செல்லும். கடை மையில தீட்டினா அது படம் இல்ல, கிறுக்கல். ஸ்டோர்ல கேட்டா மூணு மாசம் ஆகும்."

"அப்ப பச்சையத் தீட்டிட்டு மேல 'ஏரி'ன்னு எழுதிடுங்க. படிக்கத் தெரிஞ்சவங்கதானே வர்றாங்க?"

படக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. மூழ்குகிறவனுக்கு எல்லா நியாயமும் நியாயம்தான். பச்சையைத் தீட்டி, கொட்டை எழுத்தில் 'ஏரி' என்று எழுதி, ஒன்பதரைக்குச் சுவரில் மாட்டினார்.

முதலில் வந்தவர் வனத்துறை அதிகாரி. படத்தைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த நிறக்குறிப்பைப் பார்த்தார். தங்கம் கிடந்ததைப் பார்த்தும் பார்க்காதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, போனை எடுத்து மூன்று படம் பிடித்தார்.

"பச்சைன்னா காடு. இது எங்க இடம்."

"ஐயா, 'ஏரி'ன்னு எழுதியிருக்கே!"

"எழுத்த யார் வேணா எழுதலாம். எழுத்துக்கும் நிறத்துக்கும் சண்டை வந்தா நிறம்தான் செல்லும். விதி உங்க ஆபீஸ் போட்டதுதானே?"

அவர்கள் போட்டதுதான். படக்காரர் படத்தைக் கழற்றிக்கொண்டு தன் அறைக்கு ஓடினார். கறுப்புக் கோடுகள் மட்டும் அச்சடித்த புது வரைபடத் தாள் ஒன்றை மேசையில் விரித்தார்.

"பச்சை வேலைக்காகல. வேற என்ன செய்ய?"

"மஞ்சள் புட்டி நெறஞ்சு கெடக்கு சார்" என்றாள் அவள், துடைப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மஞ்சள் காயுமுன்பே வேளாண்மைத் துறைக்காரர் வந்து நின்றார். "ஆகா! இவ்வளவு பெரிய விளைநிலமா? எங்க கணக்குல வராமப் போச்சே!" அவரும் போனை எடுத்தார்.

"சார், சார், அது தண்ணி!"

"நெல்லுக்கும் தண்ணிதான் வேணும். நகருங்க, நிழல் விழுது."

மணி பத்தேகால். படக்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிறம் போட்டால்தானே வம்பு? மூன்றாவது தாளில் ஏரியை வெறுமனே விட்டார். இந்த யோசனை முழுக்க முழுக்க அவருடையது. ஆகவே இதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக முடிந்தது.

"வெள்ளைன்னா தரிசு" என்றார் தொழில்துறை அதிகாரி, கையைத் தேய்த்துக்கொண்டே. "நாலு தொழிற்சாலை கட்டலாம். நல்ல சமதரை வேற!"

பதினோரு மணிக்கு மேடம் வந்து அமர்ந்தபோது, மூன்று துறைகளும் மூன்று போன்களை நீட்டிக்கொண்டு நின்றன. கம்பெனி வக்கீல் புதுக் கோட்டுடன் எழுந்தார்.

"மேடம், ஏரித் தண்ணிய..."

"எந்த ஏரி?" என்றார் வனத்துறை.

"காடும் இல்ல ஏரியும் இல்ல, அது வயல்" என்றார் வேளாண்மை.

"தரிசு!" என்று மேசையைத் தட்டினார் தொழில்துறை.

கடைசி வரிசையில் படக்காரர் மனசுக்குள் மழைமானிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் மூன்று போனையும் வாங்கி, வரிசையாக வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்தார்.

"எங்க படம் ஒண்ணுலகூட ஏரி இல்ல. இல்லாத ஏரியில தண்ணி எடுக்க நான் எப்படிங்க அனுமதி கொடுக்கிறது?"

"நேர்ல போய்ப் பாத்தாத் தெரியும் மேடம்! அலை அடிக்குது!"

"பாத்ததெல்லாம் செல்லாது. படம்தான் செல்லும். மறு அளவை பண்ணணும். அதுக்கு இந்த மூணு துறையும் ஒண்ணா உக்காந்து கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் அங்க யாரும் ஒரு குடம்கூட எடுக்கக் கூடாது. மனு தள்ளுபடி."

மூன்று துறைகளும் ஒன்றாக உட்கார்ந்ததாக அந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பும் சொல்லவில்லை. வக்கீலுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு போனார்.

அறை காலியானதும் மேடம் படக்காரரைக் கூப்பிட்டார். அவர் போன விதத்தைப் பார்த்தால், கால்கள் ஏற்கெனவே மலை ஏறிக்கொண்டிருந்தன.

"அனுமதி கொடுன்னு மேலேருந்து மூணு போன். கொடுக்க மனசு இல்ல, மறுக்கக் காரணம் இல்ல. ஒரு வாரமா சோறு இறங்கல எனக்கு." தண்ணீரை மடக்கென்று குடித்தார். "மாற்றல எல்லாம் மறந்துடுங்க. ஆனா இன்னொரு தடவ இப்படிப் படம் போட்டீங்கன்னா நானே உங்கள மலையில கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்."

படக்காரர் அறைக்குத் திரும்பி நாற்காலியில் சாய்ந்தார். மனைவிக்குப் போன் போட்டார். "போகல. மாற்றல் கிடையாது." மறுமுனையில், "சரி, வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க" என்றவள், "சீக்கிரமே வந்துடுங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதுவே போதுமென்று இருந்தது அவருக்கு.

துப்புரவுப் பெண்மணி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஈரத் துணியை விலக்கி, எதையோ எடுத்துத் துடைத்து, அலமாரியில் அந்த வட்டத் தடத்தின் மேலேயே பொருத்தமாக வைத்தாள்.

"இந்தாங்க சார் உங்க நீல மை, மூடியக்கூடத் திறக்கல; எங்க தெருக் குழாய்ல வர்றது அந்த ஏரித் தண்ணிதான்."