நற்சாட்சி எழுதும் அத்தானுக்கு

திருகோணமலை,
1943 ஆவணி 12.

மதிப்பிற்குரிய அத்தான் வீரசிங்கம் வாத்தியார் அவர்களுக்கு, மைத்துனன் கதிரவேல் பணிந்து எழுதிக்கொள்வது.

இறைவன் கிருபையால் இங்கு நானும் என் வீட்டாரும் உயிரோடு இருக்கிறோம். "சுகமாக இருக்கிறோம்" என்றுதான் எழுதத் தொடங்கினேன். இந்தக் கிழமை நடந்ததை நினைத்து அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன். நிலாவெளியில் தாங்களும் பத்மாசனி அக்காவும் சுகமென நம்புகிறேன். அக்கா அனுப்பிய கருவாடு கிடைத்தது.

நிற்க. தாங்கள் அறிவீர்கள், போன வருடம் யப்பான்காரன் குண்டு போட்டதோடு துறைமுகத்துச் சனத்தில் பாதி ஊரைவிட்டு ஓடிவிட்டது. இப்போது கடற்படைக்கு ஆள் போதாது. ஒப்பந்தம் எடுத்து ஆள் சேர்த்துக் கொடுக்கிற எங்கள் கொந்தராத்துக் கந்தோரில், வருகிறவர்களை விசாரித்து எடுப்பது என் பொறுப்பு. வருகிற ஒவ்வொருவனும் ஒரு நற்சாட்சிப் பத்திரத்தை நீட்டுகிறான். நாலில் மூன்றில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராகிய தங்கள் கையெழுத்து. என் அத்தான் எழுதினது பொய்யாகுமோ என்று கண்ணில் ஒற்றி எடுத்துத்தான் ஆளைச் சேர்த்தேன். அதன் பலனைக் கேளுங்கள்.

"கப்பற் சமையலில் பன்னிரண்டு வருட அனுபவசாலி" எண்டு நீங்கள் எழுதிக் குடுத்த ஆள், முதல் நாளே கடல் தண்ணியிலை சோறு காய்ச்சிப்போட்டார். கேட்டால், "உப்புத் தனியப் போடத் தேவையில்லை ஐயா" எண்டார். அவர் இறக்கக்கண்டியிலை சுண்ணாம்பு சுட்டவராம். சரி, அது வயித்தோடை போச்சு. "கைதேர்ந்த தச்சர்" எண்டு நீங்கள் எழுதினவர் பதுங்கு அறைக்குக் கதவு போட்டார். போன மாதம் ஒரு நாள் காலமை அபாயச் சங்கு ஊதினது. எங்கடை கந்தோரை நடத்துற வெள்ளைக்காரத் துரையும் நானும் இன்னும் ஒன்பது பேரும் உள்ளுக்கு ஓடிக் கதவைச் சாத்தினம். விமானம் ஒண்டும் வரேல்லை. ஆபத்து நீங்கின சங்கும் ஊதியாச்சு. ஆனால் வெளியிலை வர ஏலாது! கதவைச் சாத்தினவுடனை கொண்டி வெளிப்பக்கம் விழுந்திட்டுது. உள்ளுக்கிருந்து திறக்க ஒரு வழியும் மனுசன் வைக்கேல்லை. ரெண்டு மணித்தியாலம் துரையின்ரை முழங்கை என்ரை விலாவுக்குள்ளை.

"இந்தத் தச்சனுக்கு நற்சாட்சி குடுத்தது ஆர்?" எண்டு துரை கேட்டார்.

"ஒரு தலைமை ஆசிரியர், ஸேர்."

"அவரை உமக்குத் தெரியுமோ?"

என்ரை அக்காவைத்தான் கட்டியிருக்கிறார் எண்டு சொல்ல வாயிலை வந்தது, விழுங்கிப்போட்டன். "கேள்விப்பட்டிருக்கிறன், ஸேர்" எண்டன்.

இனிமேல் பத்திரம் எழுதினவருக்கே கடிதம் போட்டு விசாரிக்கவேணும், பிழைச்சால் உம்மடை வேலைதான் போகும் எண்டு துரை சொல்லிப்போட்டார். அதாலைதான் உங்களிட்டை எட்டுப் பேரைப்பற்றி விசாரிச்சு எழுதினனான். எட்டுப் பேரும் தங்கம் எண்டு மறுதபாலிலை எழுதினீங்கள். எனக்குச் சந்தேகம் வந்து, பொன்னுச்சாமி எண்டொரு ஆளை நானே உண்டாக்கி, ஒன்பதாவதாய்க் கேட்டன். அப்பிடி ஒருத்தன் உலகத்திலை இல்லை அத்தான்! உங்கடை மறுமொழி எனக்கு முன்னாலை கிடக்குது: "பொன்னுச்சாமியைச் சிறுவயது தொட்டு அறிவேன். குடியாதவன். தகப்பனைப் போலவே நேர்மையானவன்." இல்லாதவனுக்குத் தகப்பனையும் குடுத்திட்டீங்களே!

இனிக் கடதாசியை நம்ப ஏலாது, ஆளைச் செய்விச்சுப் பாக்கவேணும் எண்டு முடிவெடுத்தன். படகுகளின்ரை அடியிலை கயிறு சுத்தினால் மூழ்கி அறுத்துவிடச் சுழியோடியள் தேவை. திங்கட்கிழமை பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பத்திரம். இறங்குதுறையிலை வரிசையாய் நிப்பாட்டி, முதல் ஆளைக் "குதியும்" எண்டன். அவர் தண்ணியைப் பாத்தார், என்னைப் பாத்தார். "சாப்பிட்டுட்டு வந்து குதிக்கட்டோ ஐயா?" எண்டார். "இப்பவே குதியும்" எண்டு நான் கிட்டப் போக, மனுசன் ரோசத்திலை பாய்ஞ்சார். பாயேக்கை என்ரை சட்டையையும் பிடிச்சுக்கொண்டார். ரெண்டு பேரும் கல்லுப்போலை உள்ளுக்குப் போனம். மேலை வந்த ஒரு கணத்திலை எனக்குக் கேட்டது: மிச்சப் பதினொரு சுழியோடியளும் கரையிலை நிண்டு, "ஐயோ, நீந்தத் தெரிஞ்ச ஆரும் ஓடி வாங்கோ!" எண்டு கத்துறாங்கள். பிறகு திரும்பவும் கீழை. காதுக்குள்ளை தண்ணி இரைஞ்சுது. சின்ன மகளுக்கு இன்னும் ஏடு தொடக்கி எழுத்துப் பழக்கேல்லை எண்டது மட்டும்தான் நினைவிலை வந்தது. சிரிக்காதேங்கோ அத்தான், அந்த நேரம் மெய்யாய்ப் பயந்துபோனன்.

ஒரு கை என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுத்தது. ரெண்டு பேரையும் ஒருத்தரே கரை சேத்தார். கண்ணைத் துடைச்சுப் பாத்தால் கிண்ணியா ஹிஸ்புல்லா. பத்திரம் இல்லை எண்டு நான் மூண்டு தரம் திருப்பி அனுப்பின மனுசன். அண்டைக்கு நாலாந்தரம் கேக்க வந்து வேலியடியிலை நிண்டவர்.

"நீரும் ஒரு கடதாசி கொண்டு வந்திருக்கலாமே?" எண்டன், இருமி இருமி.

"நிலாவெளி வாத்தியாரிட்டைப் போகச் சொன்னாங்க ஐயா. அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது. பிறகு என்னத்தை எழுதுவார்?"

அந்த இடத்திலேயே அவரைச் சுழியோடியாய் எடுத்தன். பன்னிரண்டு பத்திரக்காரரையும் வீட்டை அனுப்பினன்.

ஆகையால் அத்தான், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத உங்கள் நல்ல மனசை நான் அறிவேன். என்றாலும் இனி எவருக்கும் ஒரு வரியும் எழுதவேண்டாம். தங்கள் கையெழுத்துள்ள பத்திரம் எதுவும் இனி எங்கள் கந்தோர் வாசலைத் தாண்டாது. இது உறுதி.

அக்காவுக்கு என் அன்பு. அங்குள்ள பெரியோர்க்கு வணக்கமும் சிறியோர்க்கு ஆசியும் சேர்ப்பிக்கவும். கோணேசப் பெருமான் தங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த இரக்கமும் அருள்க.

இப்படிக்கு,
இன்னும் ஈரம் காயாத மைத்துனன்,
கதிரவேல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுற நேரம் துரை கூப்பிட்டார். எழுத்திலை நற்சாட்சி இல்லாத ஆளைத் துறைமுகத்துக்குள்ளை விடக்கூடாதாம். ஹிஸ்புல்லாவைக் காவல்காரர் வாசலிலை நிப்பாட்டிப்போட்டினம். ஆகையால் உடனை ஒரு பத்திரம் எழுதி அனுப்புங்கோ. அவருக்கு உங்களை விட நாலு வயசு கூட. அதாலை உங்கடை மாணவன் எண்டு எழுதாமல், உங்களுக்கு நீச்சல் பழக்கினவர் எண்டு எழுதுங்கோ. நீங்கள் கடலிலை கணுக்காலுக்கு மேலை இறங்கினதில்லை எண்டது துரைக்குத் தெரியாது. ஹிஸ்புல்லாவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம். அந்த மனுசன் பத்திரத்தைக் கிழிச்சுப்போடுவார். மற்றபடி பயப்பிடாதேங்கோ, உண்மையோ எண்டு விசாரிக்கப் போறதும் நான்தானே.