பச்சை மையில் பாதுகாக்கப்பட்ட பதினாறு கார்டுகள்

கோட்டை கட்டி ஊரைக் காத்தவர்கள் உண்டு. அகழி வெட்டி அரண்மனையைக் காத்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு கோப்பைத் தொடங்கி, அதற்குச் சிவப்பு நாடா கட்டி, பதினாறு கிரெடிட் கார்டுகளைக் காத்தவர்கள் மனித வரலாற்றிலேயே கடலூர் மஞ்சக்குப்பத்தில் இயங்கிய எங்கள் அலுவலகத்தார் மட்டும்தான். அந்தப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் இதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். எந்தத் துறை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பெயர் தில்லைநாதன், பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி பெற்ற அலுவலர் என்பது வரை சொல்லலாம்.

அந்தப் பச்சை மையைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் தாள்களுக்கு 'உண்மை நகல்' என்று சான்றளித்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அடுத்தவர் ஆவணத்தைப் படிப்பது அநாகரிகம் என்பது என் கொள்கை.

2007ஆம் ஆண்டு டை கட்டிய இரண்டு இளைஞர்கள் அலுவலகத்துக்கு வந்து எங்கள் பதினேழு பேருக்கும் ஆளுக்கொரு கார்டுக்கு விண்ணப்பம் எழுதி வாங்கிப் போனார்கள். கார்டு வந்ததும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டோம். அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் பயன்படுத்தியவர் கண்காணிப்பாளர் சபாபதி. சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கார்டை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போன சர்வர் திரும்பி வரக் கால்மணி நேரம் ஆனது. அடுத்த மாதம் வந்த பில்லில் நான்கு லாரி டயர்கள் இருந்தன. சபாபதியிடம் இருப்பது ஒரு சைக்கிள்.

உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். ஆளுக்கு ஒரு வடை, ஒரு டீ. 'கார்டு எதிர்கொள்ளும் அபாயங்களும் அலுவலகத்தின் நிலைப்பாடும்' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசி, என் தலைமையில் பாதுகாப்புக் குழு ஒன்றையும் அறிவித்தேன். பேசி முடித்ததும் தட்டச்சர் இசைவாணி கையைத் தூக்கினாள்.

"இதுக்குக் கமிட்டி எதுக்கு சார்? கார்டை நம்ம கண்ணு முன்னாடியே தேய்க்கச் சொல்லணும். ஏ.டி.எம்.ல பின் நம்பரை அழுத்தும்போது கையால மறைச்சிக்கணும். எவன் போன்ல கேட்டாலும் நம்பரைச் சொல்லக்கூடாது. அவ்ளோதான சார்?"

இவ்வளவு சின்ன யோசனையை எந்தக் கோப்பில் வைப்பது?

"இதுக்கு அரசாணை இருக்குதாம்மா?" என்றார் சபாபதி.

"கையால மறைக்கிறதுக்கா சார்?"

"எந்தக் கை? வலதா, இடதா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?"

இசைவாணியின் யோசனை 'பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது'. அதன்பிறகு குழு தன் சொந்த மூளையைப் பயன்படுத்தி ஒரு திட்டத்தை வகுத்தது. எல்லோரும் 'படிவம் கா.பா. 1' (கார்டு பாதுகாப்பு) என்பதை மூன்று பிரதிகளில் நிரப்பித் தர வேண்டும். கார்டின் எண், காலாவதித் தேதி, பின்பக்கமுள்ள மூன்று இலக்கம், பின் நம்பர் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். இரண்டு பக்கமும் செராக்ஸ் எடுத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் என் கையெழுத்து இருக்கும்.

"பின் நம்பர் எதுக்கு சார்?" என்றாள் இசைவாணி.

"எதைக் காப்பாத்தறோம்னே தெரியாம எப்படிம்மா காப்பாத்தறது?" என்றேன். சபாபதி கைதட்டினார். நான் சொன்ன வாக்கியங்களிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

பதினாறு பேர் அன்றே நிரப்பித் தந்தார்கள். இசைவாணி மட்டும் தரவில்லை. மாத இறுதிக்குள் தராவிட்டால் பெண்ணாடம் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் என்று அன்போடு எடுத்துச் சொன்னோம்.

"ரெண்டு பஸ் மாறிப் போவணும் சார். எங்க வூட்டுக்காரரு துபாய்ல இருக்காரு. மூணாவது படிக்கிற பொண்ண நாலு மணிக்கு யாரு சார் கூட்டிக்கினு வருவாங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்துக்கு எங்களிடம் படிவம் இல்லை.

நிரப்பிய படிவங்களைப் பாதுகாப்புப் பதிவேடாக அழகாக பைண்டிங் செய்து ஆளுக்கொரு பிரதி தருவதென்று தீர்மானித்தோம். கடலூரிலேயே செராக்ஸ் கடைகள் இருக்கின்றன. ஆனால் ரகசியத்தை உள்ளூரில் நகல் எடுக்கலாமா? சிதம்பரம் மேல வீதியில் சபாபதியின் மச்சான் கொளஞ்சி கடை வைத்திருந்தார். நான், சபாபதி, பக்க எண் சரிபார்க்க இசைவாணி என மூன்று பேர் பயணப்படியோடு கிளம்பினோம்.

கொளஞ்சியின் மெஷின் அன்று கொஞ்சம் தகராறு செய்தது. கோணலாக வந்த தாள்களை அவர் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் என்னண்ணா பண்ணுவீங்க?" என்றாள் இசைவாணி.

"பக்கத்து டீக்கடைக்காரரு எடுத்துப்பாரு கண்ணு. பேப்பர வீணாக்கக் கூடாதில்ல."

அந்தச் சிக்கனத்தை நான் மனதாரப் பாராட்டினேன். வேலை முடிந்ததும் அதே டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டோம். இசைவாணி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அதைச் சுற்றியிருந்த தாளையே பார்த்தாள்.

"சார், உங்க கார்டு நம்பரு என் மொளகா பஜ்ஜில இருக்குது."

எட்டிப் பார்த்தேன். பதினாறு இலக்கங்களும் எண்ணெயில் பளபளத்தன. கீழே பின் நம்பர், அதற்கும் கீழே என் கையெழுத்து. தாள் கொஞ்சம் கோணலே தவிர எழுத்து நல்ல தெளிவு.

"புகாரா இருந்தா எழுத்துப்பூர்வமாக் குடும்மா. வாயால சொன்னா எடுத்துக்க முடியாது."

"எழுத்துலதான சார் இருக்குது."

"பஜ்ஜி ஆறிடப் போவுதும்மா, தின்னு" என்றார் சபாபதி.

ஒரு பஜ்ஜியை வைத்துக் கொள்கை முடிவு எடுக்க முடியாது என்று விளக்கினேன். அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டே நாள். பதிவேட்டில் இருந்த பதினாறு கார்டுகளிலும் யார் யாரோ பொருள் வாங்கியிருந்தார்கள். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் என் பெயரில் நின்ற இடத்திலேயே ஓடும் டிரெட்மில் ஒன்று வாங்கப்பட்டிருந்தது. சபாபதியின் கார்டில் மறுபடியும் டயர். இந்த முறை டிராக்டருக்கு.

குழு மீண்டும் கூடியது. வடைக்கு யாருக்கும் மனமில்லை, ஆகவே போண்டா. சபாபதிதான் துப்புத் துலக்கினார்.

"பதினேழு கார்டுல பதினாறு போயிடுச்சி. ஒண்ணு மட்டும் பத்திரமா இருக்குது. அது யாரோட கார்டு?"

எல்லோரும் இசைவாணியைப் பார்த்தோம். ஊரே பறிகொடுத்திருக்க ஒருத்தி மட்டும் பறிகொடுக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? 'தங்கள் கார்டு மட்டும் ஏன் திருடு போகவில்லை என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் அளிக்கவும். தவறினால் பெண்ணாடம்' என்று மெமோ கொடுத்தேன். அதைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். ஒரு பிழைகூட இல்லை.

மூன்றாம் நாள் காலை என் மேசையில் சான்றொப்பத்துக்கு வழக்கம்போல் ஒரு கட்டுத் தாள் இருந்தது. இசைவாணியும் மூன்று தாளோடு வந்து நின்றாள்.

"என்னம்மா இது?"

"உண்மை நகல் சார். ஒரு வாட்டி படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க."

"படிக்கிற பழக்கம் எனக்கு இல்லம்மா" என்று பெருமையோடு சொல்லி, மூன்றிலும் பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன்.

அவளுடைய விளக்கம் எனக்கு ஒரு பிரதியும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு பிரதியுமாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாவதை அவளே வைத்துக்கொண்டாள். ஐந்தே வரி.

'ஐயா, என் எண்ணை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. என் கார்டு திருடு போகாததற்கு இதுவே காரணம். எழுதிக் கொடுத்தவர்களின் எண்கள் எங்கே போயின என்பதற்கு இணைப்பைப் பார்க்கவும். இணைப்பு, சிதம்பரம் டீக்கடையில் மிளகாய் பஜ்ஜி மடித்துத் தந்த தாளின் நகல். அது உண்மையானதுதான் என்று குழுத் தலைவரே சான்றளித்துள்ளார்.'

எண்ணெய்க் கறைகூட நகலில் நன்றாக விழுந்திருந்தது. அதன் மேலேயே என் முத்திரை.

இதைப் பெண்ணாடத்திலிருந்து எழுதுகிறேன். ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகளைப் பார்த்துக்கொண்டு பொழுது போகிறது. இசைவாணி கடலூரிலேயே இருக்கிறாள். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாளாம். நான் இல்லாததால் பாதுகாப்புக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அதன் பிறகு அங்கே ஒரு கார்டுகூடத் திருடு போகவில்லையாம்.